நூல் எங்கே போனது?

குழு: வீட்டார்
ஞாயிறு காலை

நித்யா: காய் பிடித்துவிட்டது! கலப்புச் செய்ய 11 செம்பருத்திப் பூவுக்கு வேறு செடியின் மகரந்தத் தூள் வைத்தேன். 10 காம்பு மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது, இது ஒன்றுதான் நிற்கிறது.

நித்யா: 📷 படம்

சித்தி: பச்சையாக ஒரு குமிழ் தெரிகிறது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

நித்யா: சித்தி, நம் செம்பருத்தியில் காயை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

சித்தி: அட, ஆமாம். பூ வாடினால் காம்போடு விழுந்துவிடும். இத்தனை வருடம் யோசித்ததே இல்லை.

மாமா: எங்கள் பழைய வீட்டில் ஒரே செடியில் சிவப்பும் மஞ்சளும் பூக்குமே. நாங்கள் அப்போதே கலப்பு பண்ணிவிட்டோம்.

நித்யா: அது ஒட்டு, மாமா. ஒரு செடியின் கிளையை இன்னொன்றில் வைத்துக் கட்டுவது. சிவப்புக் கிளை சிவப்பாகத்தான் பூக்கும், மஞ்சள் மஞ்சளாகத்தான். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன, கல்யாணம் ஆகவில்லை. கலப்பு விதையில்தான் நடக்கும்.

மாமா: சரி, வாடகைக் குடித்தனம் என்கிறாய். நீ எப்படிச் செய்தாய்?

நித்யா: செம்பருத்தி நடுவில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அதன் நுனியில் ஐந்து குட்டிப் பொட்டு இருக்கும். அதுதான் பெண் பாகம். அதற்குக் கீழே தண்டைச் சுற்றி மகரந்தப் பைகள். தாயாக வைத்துக்கொள்ளும் பூவை முந்தின நாள் சாயங்காலம் மொட்டாக இருக்கும்போதே பிரித்து, அந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் தூளே அதன்மேல் விழுந்துவிடும். மறுநாள் காலை பொட்டு பிசுபிசுப்பாக ஆனதும் மற்ற பூவின் தூளைத் தடவ வேண்டும். முதலில் பிரஷ் வைத்துப் பார்த்தேன், தூள் பாதி பிரஷ்ஷிலேயே நின்றுவிட்டது. அப்புறம் அப்பா பூவையே பறித்து வந்து நேராகத் தேய்த்துவிட்டேன்.

பாலா: அப்பா பூ 😂

சித்தி: அப்படியானால் ரோஜாவையும் செம்பருத்தியையும் கலக்கலாமா? எனக்கு வாசனையுள்ள செம்பருத்தி வேண்டும்.

நித்யா: முடியாது சித்தி, இரண்டும் வெவ்வேறு குடும்பம். ஒரே பேரினத்துக்குள், அதாவது நெருங்கிய சொந்தமான இனங்களின் கூட்டத்துக்குள் இருந்தால்தான் பெரும்பாலும் வாய்ப்பு. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பேரினம் தாண்டியும் கலக்கிறார்கள், அவர்கள் கதை தனி. நான் எடுத்தது ஜிமிக்கிச் செம்பருத்தி, இதழெல்லாம் கிழித்துவிட்ட மாதிரி தலைகீழாகத் தொங்குமே, அது. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம், ஆனாலும் நம் சிவப்போடு சேரும்.

மாமா: அடுக்குச் செம்பருத்தியை எடுத்திருக்கலாமே, எவ்வளவு அழகு.

நித்யா: அதில் மகரந்தத் தாள்களில் நிறைய இதழாக மாறியிருக்கும் மாமா. அழகுக்குக் கொடுத்த விலை, தூள் குறைவு.

பாலா: நம் நித்யாவுக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். லண்டன் நர்சரிக்காரர் தாமஸ் ஃபேர்சைல்ட். கார்னேஷன், ஸ்வீட் வில்லியம் என்ற இரண்டு பூச்செடிகளை 1717வாக்கில் கலந்தார். மனிதன் வேண்டுமென்றே உண்டாக்கிய முதல் கலப்புச் செடியாக அதைத்தான் சொல்கிறார்கள். அது விதை கட்டாததால் ‘ஃபேர்சைல்டின் கோவேறு கழுதை’ என்று பெயர். அவர் 1729இல் இறந்தபோது, வருடாவருடம் தேவாலயத்தில் பிரசங்கம் நடத்த 25 பவுண்டு எழுதி வைத்திருந்தார். செடிகளைக் கலந்த குற்ற உணர்ச்சியோ என்னவோ!

மாமா: நித்யா, நீயும் எழுதி வைத்துவிடு. அது போகட்டும், நம் செடியும் கோவேறு கழுதை ஆகிவிடுமா?

நித்யா: ஆகலாம். இரண்டு இனத்தின் குரோமோசோம்களும் ஜோடி சேராவிட்டால் மகரந்தமும் சூலும் ஒழுங்காக உருவாகாது. அதனால் நமக்கென்ன நஷ்டம்? பூ பிடித்திருந்தால் கிளை வெட்டி நட்டுக்கொள்ளலாம். காகிதப்பூவில் எத்தனையோ ரகம் விதையே கட்டாமல் கிளையிலேயே உலகம் முழுக்கப் போயிருக்கிறது.

சித்தி: இந்தக் காய்க்கு ஜிமிக்கிதான் அப்பாவா?

நித்யா: இரண்டு அப்பா வைத்தேன் சித்தி. சிவப்பு நூல் கட்டியது ஜிமிக்கி, வெள்ளை நூல் கட்டியது மஞ்சள் செம்பருத்தி. படத்திலேயே தெரியும்.

பாலா: படத்தில் நூலே இல்லையே.

நித்யா: இரு, போய்ப் பார்க்கிறேன்.

நித்யா: அம்மா!!!

அம்மா: என்ன? அந்த நூலா? நேற்று தண்ணீர் ஊற்றும்போது பார்த்தேன், செடி முழுக்கக் குப்பையாகத் தொங்கியது. எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டேன். கிளையை இறுக்கிவிடுமே.

பாலா: 🤣🤣

சித்தி: இப்போது எப்படிக் கண்டுபிடிப்பாய்?

நித்யா: காய் முற்றி வெடிக்க இரண்டு மாதம் ஆகும். விதை போட்டுச் செடி பூக்க இன்னும் ஒரு வருடமாவது வேண்டும். இதழ் ஓரம் வெட்டு வெட்டாக வந்தால் ஜிமிக்கி.

அம்மா: நல்ல வேளை சொன்னாய். பூச்சி அரித்திருக்கிறது என்று கிள்ளி எறிந்திருப்பேன்.