மறு: நீரில் தேய்ந்த குவார்ட்ஸ் கல்லுக்கு ஒரு சொல்

வணக்கம். ஆற்றிலும் கரையிலும் உருண்டு தேய்ந்த குவார்ட்ஸ் கல்லுக்குத் தமிழில் ஒரு சொல் தேடுகிறோம் அல்லவா? அதற்கு நீங்கள் கேட்டது:

> 'நீரரி பளிங்கு' என்று வைத்தால் என்ன?

'பளிங்கு' வேண்டாம். பழைய வழக்கில் அது படிகம்தான்; ஆனால் இன்று பளிங்குத் தரை என்றால் எல்லோருக்கும் மார்பிள். கல்லை அடையாளம் காணப் பழகுபவரை இந்தச் சொல் முதல் படியிலேயே வழுக்கிவிடும். மார்பிள் பெரும்பாலும் கால்சைட் என்ற மென்மையான கனிமம். கத்தி முனையால் இழுத்தால் கோடு விழும், அமிலம் பட்டால் நுரைக்கும். குவார்ட்ஸோ, கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் 7. சாதாரணக் கத்தி அதனிடம் தோற்றுவிடும். உடைந்த முனையால் கண்ணாடியையே கீறலாம்.

பேச்சு வழக்கில் வெள்ளைக் குவார்ட்ஸுக்கு 'வெங்கச்சங்கல்' இருக்கும்போது நாம் ஏன் வெளியே தேடவேண்டும்? வெள்ளையாக இல்லாத குவார்ட்ஸும் உண்டே என்பீர்கள். சரிதான். ஆனால் நீரோரங்களில் அதிகம் அகப்படுவது பால்வெள்ளைதான். உள்ளே சிறைப்பட்ட நுண்ணிய திரவத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. மேலே தெரியும் மஞ்சளும் செம்மையும் பெரும்பாலும் இரும்புக் கறை.

அடுத்து 'நீரரி', அதாவது நீர் அரித்தது. எனக்கு உண்மையான தயக்கம் இதில்தான். இவ்வளவு கடினமான கல்லைத் தண்ணீர் மட்டும் தேய்த்துவிடாது. தண்ணீர் உருட்டுகிறது, கல்லும் கல்லும் மோதி, மணலும் உரசித்தான் முனைகள் போகின்றன. உலர்ந்த கல் ஒன்றை உருப்பெருக்கியில் பாருங்கள்: தோல் பனி படர்ந்த கண்ணாடிபோல் மங்கியிருக்கும், அதில் சின்னச் சின்னப் பிறைத் தழும்புகள். ஒவ்வொன்றும் ஒரு மோதல். உடைந்த பக்கத்தைத் திருப்பினால் சிப்பி ஓட்டின் வளைவுகள், கண்ணாடிப் பளபளப்பு. அங்கே தட்டையான முகம் ஒன்று சட்டென்று மின்னினால் அது ஃபெல்ட்ஸ்பார் என்ற வேறு கனிமமாக இருக்கலாம்.

ஆகவே என் பரிந்துரை 'உருள்தேய் வெங்கச்சங்கல்'. வினைத்தொகை, சொல்லவும் எளிது. காற்றில் வந்த மணல் பட்டுத் தேய்ந்த கல் பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே பட்டை பட்டையாகச் செதுக்கப்படுவதால், அதுவும் இதில் வந்து குழம்பாது.

'கூழாங்கல்' போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது அளவைத்தான் சொல்கிறது. நிலவியலாளர் வென்ட்வொர்த் 1922-இல் வகுத்த அளவுமுறையில் 4 முதல் 64 மில்லிமீட்டர் வரையுள்ள எந்தக் கல்லும் அந்த வகைதான், சுண்ணாம்புக்கல் உட்பட.

அப்புறம், கல்லின் தோலில் தெரியும் அந்தப் பிறைத் தழும்புக்கும் ஒரு சொல் வேண்டும். 'மோதற்பிறை' என்று எழுதிப் பார்த்தேன். 'பிறைவடு' இன்னும் சுருக்கம். எது உங்கள் காதுக்கு ஒத்துவருகிறது?