ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் மரினா பராஜ்: பட்ட நூல் (நம்ம வீட்டுக் குழு)

பிரவீன்: மாமா, ரெண்டு பட்டமும் வந்துடுச்சு. ஆனா நூலை மொட்டையா ஒரே சுருளா 100 மீட்டர் அனுப்பிட்டாங்க. நுனியில வளையமே இல்ல. தாத்தா பிறந்தநாளுக்குள்ள ஆகணும்

சேகர்: டைனீமாவா, அந்த வழுவழு செயற்கை நூல்? எத்தனை பவுண்டு தாங்கும்

பிரவீன்: ஆமா. 150

வசந்தி: நுனியில முடிச்சு போட்டுக் கட்டிடுங்களேன். இதுக்கு ஏன் மாமா

சேகர்: வசந்தி, அந்த நூல்ல நேரா முடிச்சு போடக்கூடாது. ரொம்ப வழுக்கும், முடிச்சு உருவிக்கும். உருவாம நின்னாலும் இறுகற இடத்துல நூல் தன்னையே அறுத்துக்கும், பாதி பலம்கூட மிஞ்சாது. இன்னொண்ணு, உரசிச் சூடேறினா ஆகாது, டைனீமா 150 டிகிரி பக்கமே உருகிடும். பாலியஸ்டர் 250 தாண்டணும். அதனால நுனிக்கு மட்டும் பாலியஸ்டர் உறை போட்டு, முடிச்சை உறையோட சேத்துப் போடணும். உறை தடிமனா இருக்கறதால முடிச்சு பெருசா உக்காரும், நூல் மேல வெட்டு விழாது.

உமா: கேக் 2 கிலோ சொல்லட்டுமா 3 கிலோவா

கவிதா: 3 அத்தை

பிரவீன்: உறை அனுப்பிருக்காங்க மாமா. வெள்ளையா, நடுவுல ஓட்டை இருக்கற கயிறு, 3 மீட்டர். நூலை உள்ள தள்ளினா மடங்கிக்குது

சேகர்: தள்ளி நுழையாது, இழுத்துத்தான் நுழைக்கணும். 3 மீட்டர் போதும். பட்டத்துக்கு ரெண்டு ரெண்டா 4 நூல், 8 நுனி, நுனிக்கு 30 செ.மீ. இழுக்க ஒரு கம்பி செய்யணும். வசந்தி, உன்கிட்ட வீணைக் கம்பி இருக்கில்ல? முதல் கம்பி, சாரணி

மாலா: அம்மா வீணையிலயா கை வைக்கறீங்க????

வசந்தி: உதிரிக் கம்பிடி. மாத்தறதுக்கு வாங்கி வச்சது

மாலா: சரி சரி. அது எங்க இருக்குன்னாவது இன்னிக்குத் தெரிஞ்சுது

வசந்தி: மாலா வேண்டாம்

சேகர்: ரெண்டு பேரும் நிறுத்துங்க. பிரவீன், சாரணிதான் சரியான கம்பி. எஃகு, கிட்டத்தட்ட 0.3 மி.மீ., வளைச்சு விட்டா நிமிந்துக்கும். கிட்டார்ல மெல்லிசான மொட்டைக் கம்பி இருந்தாலும் சரி. கட்டுக்கம்பி ஆகாது, ஒரு தடவை மடங்கினா அப்படியே நிக்கும். சைக்கிள் பிரேக் கம்பி புரி புரியா இருக்கும், ஒரு புரி பிரிஞ்சா உறையைக் கிழிச்சுடும்.
60 செ.மீ. வெட்டு. சரி பாதியில மடி. குறட்டால மடிப்பை லேசா அமுக்கு, நூல் போற அளவுக்கு ஒரு சின்னக் கண் இருக்கட்டும். தட்டையா நசுக்கிடாதே, எஃகு அந்த இடத்துலயே ஒடியும். ரெண்டு நுனியையும் 3 செ.மீ. முறுக்கி ஒரு மரக் குச்சியில துளை போட்டு விட்டு, பசை தடவி, மேல நூல் சுத்திக் கட்டு. அதுதான் பிடி. பிடி இல்லாம இழுத்தா கம்பி விரலை அறுக்கும்.

கவிதா: சாப்ஸ்டிக் ஆகுமா

சேகர்: நல்லா ஆகும்

பிரவீன்: கோணி ஊசி போதாதா மாமா

சேகர்: கூர்முனை பின்னலைக் குத்தி வெளிய வந்துடும். மொட்டை ஊசின்னா காது தடிமன், நடுவழியில சிக்கும். மடிச்ச கம்பியே மேல்.

உமா: பிரியாணியா புளியோதரையா அதையும் சொல்லிடுங்க

வசந்தி: அப்பா சனி ஞாயிறு அசைவம் தொடமாட்டார்

உமா: போன வருஷம் சாப்பிட்டாரே

வசந்தி: அண்ணி, அது வெள்ளிக்கிழமை

பிரவீன்: உறை நுனி பிரியுது மாமா. லைட்டர்ல சுட்டுடவா

சேகர்: இப்ப சுடாதே! வாய் மூடிக்கும், அப்புறம் கம்பி நுழையாது. நல்ல கத்தரியால வெட்டி, பிரியறதுக்கு முன்னாடி கம்பியோட மடிப்பை உள்ள விடு. பாவாடைக்கு நாடா கோக்கற மாதிரி, உறையைச் சுருக்கிச் சுருக்கிக் கம்பி மேல ஏத்து. உறையை இழுத்துப் பிடிச்சா துளை சின்னதாகும், தள்ளினாத்தான் விரியும். கம்பி பக்கவாட்டுல எட்டிப் பாத்தா 2 செ.மீ. பின்னாடி வாங்கி மறுபடி விடு. மடிப்பு அந்தப் பக்கம் வந்ததும் கண்ணுல நூலை 10 செ.மீ. விட்டு மடக்கு. உறையைத் தளரப் பிடிச்சுக்கிட்டு பிடியை மெதுவா இழு. நூல் வந்துடும்.

கவிதா: 👍

பிரவீன்: நூல் எவ்வளவு வெளிய தெரியணும்

சேகர்: உறை வாயைத் தாண்டி 1 செ.மீ. முதல்ல அந்த நுனியில உறையும் நூலும் சேந்து ஒரு சாதா முடிச்சு. இது இல்லன்னா பறக்கும்போது நூல் உள்ளுக்குள்ள நழுவி ஓடிடும். அப்புறம் நுனியைத் திருப்பி மடிச்சு, ரெட்டையா '8' வடிவ முடிச்சு ஒண்ணு போட்டு 5 செ.மீ. வளையம். வளைய முடிச்சுக்குக் கீழயும் உறை கொஞ்ச தூரம் ஓடணும். உறை முடிச்சோட நின்னா நூல் அந்த விளிம்புல மடங்கி மடங்கித் தேயும். எல்லாம் முடிஞ்ச பிறகு உறையோட பிசிறை மட்டும் லைட்டர்ல காட்டு. சுடர் நூல் மேல படவே கூடாது.

மாலா: இங்க சென்னையில இதெல்லாம் தடை தெரியுமில்ல. 2017லயே பசுமைத் தீர்ப்பாயம் நைலான், செயற்கை நூல் எல்லாத்தையும் நிறுத்திடுச்சு. பொங்கலுக்கு வரும்போது மிச்ச நூலைத் தூக்கிட்டு வந்துடாதே பிரவீன்

பிரவீன்: மாஞ்சாவுக்குத்தானே சித்தி அது

சேகர்: மாலா சொல்றது சரி. கண்ணாடித்தூள் இல்லன்னாலும் இழுவையில இருக்கற டைனீமா கழுத்துல பட்டா வெட்டும். ஊருக்குக் கொண்டு போகாதே. இங்கயும் கையில சுத்திக்காதே, நாடாப் பிடியில மாட்டு. பட்டம் வீசற வட்டத்துக்குள்ள குழந்தைங்க நிக்கக்கூடாது.

வசந்தி: பராஜ்ல அனுமதி ஏதும் வேணுமா

சேகர்: 61 மீட்டருக்கு மேல போனாலோ, விமான நிலையத்துக்கு 5 கி.மீ.க்குள்ள பறக்கவிட்டாலோதான். நம்ம நூல் நாலா வெட்டினா ஒவ்வொண்ணும் 24 மீட்டர்தான், தொல்லை இல்ல. கூட்டம் சேர்றதுக்குள்ள காலையிலயே போயிடணும்.

உமா: காலையிலன்னா எத்தனை மணி. கேக் கடை 10 மணிக்குத்தான் திறக்கும்

கவிதா: முந்தின நாளே வாங்கிடலாம்

உமா: ஃபிரிட்ஜ்ல இடம்?

பிரவீன்: மாமா நாலு நூலையும் இப்பவே 24ன்னு வெட்டி ரெண்டு பக்கமும் முடிச்சு போட்டுடவா

சேகர்: வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் முடி. ஒரு ஜோடியோட வளையம் ரெண்டையும் ஒரே கொக்கியில மாட்டி, மறுபக்கத்தை நல்லா இழுத்துக் கொஞ்ச நேரம் பிடி. புது முடிச்சு இறுகும்போது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவு நீளும், முன்னாடியே அளந்தா வீண். இறுகினதும் ரெண்டு நூலையும் சேத்து இழுத்துப் பிடிச்சு, ஒரே இடத்துல பேனாவால குறி வச்சு, அந்தக் குறியில ரெண்டாவது வளையம் போடு. அப்பவும் 1, 2 செ.மீ. வித்தியாசம் வந்தா நூலை அறுக்காதே. நீளமான நூலோட உறையில, பிடிப் பக்கம், இன்னொரு சாதா முடிச்சு போட்டா சரியாகும்.

பிரவீன்: எது நீளம்னு எப்படித் தெரியும்

சேகர்: கை ரெண்டையும் சமமா வச்சிருக்கும்போது பட்டம் இடப்பக்கமே திரும்பினா இடது நூல் குட்டை. இடது உறையில சிவப்புக் குறி வச்சுக்கோ.

கவிதா: கொக்கி? நம்ம வீட்டு நடைவழி 24 மீட்டர் வராதே

சேகர்: கீழ்த்தளத்துல தூண் இருக்கில்ல

வசந்தி: ராத்திரி 10 மணிக்கு மேல போங்க. நூல்ல யாராவது தடுக்கிடப் போறாங்க

சேகர்: நூல் ஓரமா வெள்ளைத் துணி போட்டு வச்சுக்கலாம். நான் வெள்ளிக்கிழமை வரேன். கம்பியும் குறடும் எடுத்து வைங்க

பிரவீன்: வெள்ளி எனக்கு வகுப்பு மாமா, 9 ஆகும்

சேகர்: அப்ப சனி?

உமா: சனி நீங்க பாயா லேபர் பக்கம் போகணும், மறந்துடுச்சா

சேகர்: அதைப் பாத்துக்கலாம்

உமா: புளியோதரைக்கு அரிசி எத்தனை கப் ஊறப்போட? யாராவது சொல்லுங்க