2017இல் சீமைக் கருவேலத்தைப் பற்றி எழுதியதெல்லாம்: அழிப்பதா, வைத்திருப்பதா?

கண்மாய்க்கரை:

வணக்கம். பிப்ரவரி வந்தால் போதும், ஃபேஸ்புக் என் பழைய பதிவுகளை எடுத்துக் காட்ட ஆரம்பித்துவிடுகிறது. 2017 தொடக்கத்தில், சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்ட சமயம். சென்னையில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கமுதிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போய், ஜேசிபி வாடகைக்குப் பணம் திரட்டிக்கொண்டு திரிவோம். ஊரில் செய்ததையெல்லாம் அன்றன்றே எழுதிப் போட்டேன். இந்த வருஷம் உட்கார்ந்து அத்தனையையும் வரிசையாகப் படித்தேன்.

பாதி இன்றைக்கும் என் கருத்துதான். கண்மாய்க்குள்ளேயும் வரத்துக்காலிலும் அந்த மரம் இருக்கவே கூடாது. மழை பெய்தும் தண்ணீர் வந்து சேராத கண்மாயைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது.

மற்ற பாதிதான் உறுத்துகிறது. ‘காற்றில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும்’, ‘ஆக்சிஜனே தராது’, ‘ஒரு மரம்கூட மிச்சம் வைக்கக் கூடாது’. வாட்ஸ்அப்பில் வந்தவற்றை என் நடையில் இன்னும் சூடாக எழுதியிருக்கிறேன். ஒரு படத்தில், ஜேசிபிக்குப் பின்னால் தலையில் விறகுக் கட்டோடு ஒரு அம்மா நிற்கிறார். முள் விறகு. அந்த மரத்தை நம்பித்தான் அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும். படத்துக்குக் கீழே நீளமாக எழுதியிருக்கிறேன், அவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. இன்றைக்கு அதே படத்தைப் போட்டால் அவரிடமிருந்துதான் தொடங்குவேன்.

என் பார்வையை மாற்றியது எங்கள் கண்மாயேதான். தூரை எடுக்காமல் மேலே மேலே தள்ளிவிட்டு ஜேசிபி போய்விட்டது. அடுத்த மழைக்கு ஒவ்வொரு தூரிலிருந்தும் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, முன்னைவிட அடர்த்தியாக வந்தது.

கேள்வி இரண்டு. அந்தப் பதிவுகளை இன்னும் யாராவது பகிர்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள். நீக்குவதா, திருத்துவதா, அப்படியே விடுவதா? அடுத்தது, ஒரு கருத்து மாறும்போது அது தெரிந்துகொண்டதால் மாறியதா, இல்லை வயதாகி வேகம் குறைந்ததால் மாறியதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

மூட்டக்காரர் மகள்:

அண்ணே, எனக்கு முதுகுளத்தூர் பக்கம். அப்பா கரிமூட்டம் போடுகிறவர். கட்டைகளை வட்டமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, ஈர மண்ணால் மூடித் தீ வைப்பார். நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே கனியும். புகை வெள்ளையாக வந்தால் கட்டையில் இன்னும் ஈரம் இருக்கிறது, நீலம் தட்டினால் கரி பிடித்துவிட்டது. நடுவில் எங்கேயாவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். அதனால் ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து மண் அப்புவார். நான் காலேஜ் படித்தது அந்தக் காசில்.

நீங்கள் எழுதிய அதே மாதங்களில் நானும் எழுதினேன், நேர் எதிராக. ‘எங்கள் மரத்தில் கை வைக்காதே’ என்று. இப்போது படித்தால் என் எழுத்தில் கண்மாய் என்ற பேச்சே இல்லை. வரத்துக்கால் அடைபட்டு, கடைமடைக்காரர்கள் நெல் போட முடியாமல் விட்டதெல்லாம் எனக்குத் தெரியும், எங்கள் மாமா வீட்டிலேயே நடந்தது. ஆனாலும் எழுதவில்லை. பட்டா நிலத்து மரம் வேறு, கண்மாய் மரம் வேறு என்று பிரித்துப் பார்க்க எனக்குச் சில வருஷம் ஆனது.

நான் எதையும் நீக்கவில்லை. அப்பாவுக்கு அன்றைக்கு இருந்த பயம் அந்த வரிகளில் இருக்கிறது. நீங்களும் நீக்காதீர்கள்.

தாவரவியல் வாத்தியார்:

பள்ளியில் பாடம் நடத்துகிறவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் பதிவு போன்றவற்றை மாணவர்கள் கட்டுரைக்கு ஆதாரமாக எடுத்து வருகிறார்கள். ஆகவே திருத்தம் அவசியம். ஆனால் பழைய வரிகளைத் தொடாமல், மேலே தேதி போட்டு, ‘இந்தக் கருத்து இப்போது எனக்கு இல்லை, காரணம் இது’ என்று எழுதுங்கள்.

காரணத்தையும் சரியாக எழுத வேண்டும். ஒளிச்சேர்க்கை செய்கிற எந்தப் பச்சை இலையும் ஆக்சிஜன் தரும், இதுவும் தரும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டும் என்பதற்கு அடிப்படை இல்லை. ஆனால் வேர் மிக ஆழமாகப் போகும் என்பது உண்மை. அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில், இதே பேரினத்தைச் சேர்ந்த மரத்தின் வேர் 50 மீட்டருக்கும் கீழே கண்டறியப்பட்டிருக்கிறது. காய்களை ஆடு மாடு தின்று, சாணத்திலும் புழுக்கையிலும் விதை பரவுவதும் உண்மை. வதந்தியைத் திருத்தும் வேகத்தில் இந்த உண்மைகளையும் சேர்த்து விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று என் மனதை வருத்துவது. அந்த வேகத்தில் நாட்டுக் கருவேலமும் சேர்ந்து போன இடங்கள் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்களில் நாரையும் கொக்கும் நாட்டுக் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. அதே 2017இல், சீமைக் கருவேலத்தை அகற்றும் பணிக்குச் சென்னையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தபோது பலர் திட்டினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. யோசிக்க அவகாசம் கிடைத்தது. 2022இல் அயல் தாவரங்களுக்கென்று அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது.

ரயில்வே காலனி:

நான் மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. நீக்கிவிடுங்கள். மேலே நீங்கள் எழுதும் குறிப்பை யார் படிக்கப்போகிறார்கள்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து, குறிப்பை வெட்டிவிட்டுப் பகிர்வார்கள். உங்களுக்கு நினைவாக வேண்டுமென்றால் பதிவிறக்கம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பொய்யான ஒரு வரி ஊரில் சுற்றாமல் தடுப்பதைவிட உங்கள் வரலாறு முக்கியமில்லை.

கண்மாய்க்கரை:

எல்லோருக்கும் நன்றி. ரயில்வே காலனி சொன்னது சுருக்கென்று இருந்தாலும் நியாயம். ஆக்சிஜன், காற்று ஈரம் என்று எழுதிய பதிவுகளை இன்றே எடுத்துவிடுகிறேன். கண்மாயைப் பற்றியவை, வாத்தியார் சொன்ன மாதிரி தேதியோடு மேலே குறிப்பு போட்டு, அப்படியே இருக்கும். அந்த அம்மா நிற்கிற படமும் இருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு எனக்கே ஒரு பதில் கிடைத்த மாதிரி இருக்கிறது. வேகம் குறைந்திருந்தால் கண்மாயையும் சேர்த்து விட்டிருப்பேன். விடவில்லை. இந்த வருஷமும் வேலையைத் தொடங்கப் போகிறோம்.

தங்கச்சி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஜேசிபி வைக்காமல், மூட்டக்காரர்களையே கூப்பிட்டால் கண்மாய் மரத்தைத் தூரோடு எடுத்துக்கொள்வார்களா?

மூட்டக்காரர் மகள்:

எடுப்பார்கள் அண்ணே. தூர்க்கட்டைக் கரி கனமாக நிற்கும், அதற்கென்றே கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கண்மாய் மரம் என்றால் முறையாக ஏலம் விட வேண்டும். அந்த ஏல நிபந்தனையிலேயே ‘தூரோடு எடுக்க வேண்டும், குழியை மூட வேண்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் எங்கள் ஆட்களும் மேலே வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள், தோண்டுகிற கூலி அதிகம். கரையில் நிற்கிற நாட்டுக் கருவேலத்துக்கெல்லாம் சுண்ணாம்புக் கோடு போட்டு முதலிலேயே காட்டிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிய வேண்டுமென்றால் ஆடியிலேயே ஆள் பேசிவிடணும். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.