கை டிரில்லுக்கு மர ஸ்டாண்ட்: ஆட்டத்தை நிறுத்த வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மிச்சம் கிடந்த 18 மி.மீ. பிளைவுட்டில் கை டிரில்லுக்கு ஸ்டாண்ட் செய்திருக்கிறேன். டிரில் ஏறி இறங்க இரண்டு டிராயர் சேனல் (மேசை இழுப்பறை ஓடும் உலோகத் தடம்). டிரில்லின் 43 மி.மீ. கழுத்துக்கு வட்டம் வெட்டி, ஒரு பக்கம் கீறிவிட்டு, போல்ட் போட்டு இறுக்கினேன். அந்தப் பிடி அசையவே இல்லை. சிக்கல் சேனலில்தான். பிட் மரத்தைத் தொட்டதும் நுனி அரை நூல் (சுமார் ஒன்றரை மி.மீ.) விலகி, துளை சாய்ந்துவிடுகிறது.

இரண்டு சேனலையும் பலகையின் முதுகில் அடித்தது தப்போ? இரு விளிம்பிலும் எதிரெதிராக வைத்தால் ஆட்டம் குறையுமா? இல்லை, கெட்டி மரத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, மெழுகு தடவி ஓடவிடுவதே மேலா? ஈரக்காற்றில் மரம் உப்பிப் பிடித்துக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது.

மகளின் படிப்பு மேசைக் கால்களுக்குத் துளை போட வேண்டும். செய்து பார்த்தவர்கள் அளவோடு ஒரு படம் போட்டால் பெரிய உதவி.