மாண்டூ டெஸ்ட் போட்ட கை சிவந்துபோனால்: எங்கள் அனுபவம்

என் மகளுக்கு நாலு வயது. மூன்று வாரமாக இருமல், எடையும் ஏறவில்லை. பிரைமரி காம்ப்ளக்ஸாக, அதாவது குழந்தைகளுக்கு வரும் டிபியாக (காசநோய்) இருக்குமோ என்று டாக்டர் மாண்டூ டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். டிபி கிருமி உடம்புக்குள் புகுந்திருக்கிறதா என்று பார்க்கத் தோலில் போடும் ஊசி அது. முன்கையின் உள்பக்கம், தோலுக்குள் 0.1 மி.லி. மருந்து. கொசு கடித்தாற்போல வெளிறிய மேடு ஒன்று எழும்பி, கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிட்டது. "தேய்க்காதீங்க, பிளாஸ்திரி ஒட்டாதீங்க, நாளை மறுநாள் கூட்டிட்டு வாங்க" என்றார்கள்.

மறுநாள் காலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன், 22 மி.மீ.! பத்தைத் தாண்டினால் பாசிட்டிவ் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்று இரவு தூக்கமே இல்லை. மாமியார் மஞ்சள் பத்து போடலாம் என்றார். நல்லவேளை, போடவில்லை.

48 மணி நேரம் கழித்துப் போனோம். நர்ஸ் அக்கா சிவப்பைக் கண்டுகொள்ளவே இல்லை. முதலில் விரல் நுனியால் தடவினார். பிறகு பால்பாயிண்ட் பேனாவைச் சற்றுத் தள்ளி ஊன்றி, நடுவை நோக்கி மெதுவாகக் கோடு இழுத்தார். ஓரிடத்தில் பேனா முட்டி நின்றது. எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே. இரண்டு கோட்டுக்கும் நடுவே, கையின் குறுக்காக, 6 மி.மீ. "கெட்டியா தடிச்சிருக்கறதைத்தான் அளக்கணும்மா, சிவப்பு கணக்குல வராது." பிறந்தபோது டிபிக்காகப் போட்ட பிசிஜி தடுப்பூசியாலும் கொஞ்சம் தடிக்குமாம். எக்ஸ்ரேயும் சுத்தம். வீட்டில் ஸ்கேல் எடுத்து உட்காராதீர்கள், தயவுசெய்து.

* * *

எனக்கு நேர்மாறு, அக்கா. அண்ணனுக்கு டிபி என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் போட்டார்கள். எனக்குத் தடிப்பே 18 மி.மீ., நடுவில் நீர்க்கொப்புளம் வேறு. ஊசி வழியாகக் கிருமி ஏறிவிட்டதோ என்று அம்மா அழுதார். அதில் உயிருள்ள கிருமியே கிடையாது, கிருமியிலிருந்து பிரித்த புரதம்தான். ஏற்கெனவே அந்தக் கிருமியைப் பார்த்த உடம்பு அதை அடையாளம் கண்டு, அணுக்களை அங்கே கூட்டுகிறது. அதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பாசிட்டிவ் என்றால் கிருமி உள்ளே புகுந்திருக்கிறது என்றுதான் பொருள், நோய் வந்துவிட்டது என்று இல்லை. எக்ஸ்ரே பார்த்து நோய் இல்லை என்று உறுதி செய்தபின், அது வராமல் தடுக்க ஆறு மாதம் ஐசோநியாசிட் மாத்திரை சாப்பிட்டேன். கொப்புளத்தைக் கிள்ளாமல் ஈரத்துணி வைத்தேன், ஆறிவிட்டது. இனி யார் இந்த டெஸ்ட் எழுதினாலும் கொப்புளம் வந்ததை முதலில் சொல்லச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எனக்கு மறுபடி போடக்கூடாதாம்.

* * *

எங்கள் பையனுக்குக் கையில் ஒன்றுமே வரவில்லை. சந்தோஷமாகக் கிளம்பினோம். டாக்டர் விடவில்லை, சமீபத்தில் வேறென்ன வந்தது என்று கேட்டார். தட்டம்மை வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அம்மைக்குப் பிறகு சில வாரம் உடம்பு இந்த ஊசிக்குச் சரியாகப் பதில் சொல்லாதாம். தள்ளிப் போட்டு மறுபடி எடுத்தபோது 14 மி.மீ., எக்ஸ்ரேயிலும் நிழல் தெரிந்தது. இப்போது மருந்து நாலாவது மாதம். இரண்டு கிலோ ஏறியிருக்கிறான்.