அப்டேட்: கோதுமையை விட்டு 8 மாசம்

10 வருஷமா உப்பசம், பேதின்னு மாத்திரையிலயே ஓடுதுன்னு போன தடவ எழுதியிருந்தேன்ல, டிடிஜி ரத்த டெஸ்ட், எண்டோஸ்கோப்பி பயாப்சி ரெண்டுலயும் சீலியாக்னு, அதாவது கோதுமையில இருக்க க்ளூட்டன்ங்கிற புரதத்தால குடல் பாதிக்கிற நோய்னு உறுதியாயிடுச்சு. சந்தேகம் இருக்கவங்க தயவுசெஞ்சு டெஸ்ட்டுக்கு முன்னாடியே கோதுமைய நிறுத்திடாதீங்க, ரிசல்ட் தப்பா நார்மல்னு வந்துரலாம்.

இட்லி, ஆப்பம், கம்பங்கூழ்னு சாப்பாட்டுக்கு குறையில்ல, ஆனா மைதா, ரவை எல்லாம் விட்டு ரெண்டு மாசமாகியும் வயிறு அடங்கவே இல்ல, ஒருநாள் அம்மா பெருங்காய டப்பாவ திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல கோதுமை மாவுன்னு போட்டிருக்கு, தினமும் சாம்பார் ரசம் எல்லாத்துலயும் அதத்தான் போட்டுட்டு இருந்திருக்கோம்! அரிசி மாவு கலந்தத தேடி வாங்கினோம், மூணே வாரத்துல உப்பசம் போச்சு. இப்ப 6 கிலோ ஏறியிருக்கேன். சப்பாத்தி சுட்ட கல்லு வேணாம்னு எனக்குன்னு தனி தோசைக்கல்லே வாங்கி பழக்கி வச்சிருக்காங்க அம்மா.