வீட்டில் சோடா போட்டுப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கண்டனூரான்:

போன சித்திரையில் நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, ஒரு சிட்டிகை ஈஸ்ட், எல்லோரும் செய்வதுதான். பழைய ஸ்குவாஷ் பாட்டில் இரண்டில் ஊற்றி, மூடியை இறுக்கி, வீட்டின் உள்கட்டான வளவில் தூண் ஓரமாக வைத்தேன். இரண்டு நாள் கழித்து ஃபிரிட்ஜுக்கு மாற்ற வேண்டும் என்று தெரியும். ஒரு வேலையாக மதுரைக்குப் போய்வந்ததில் மறந்துவிட்டது.

மூன்றாம் நாள் ராத்திரி இரண்டரை மணிக்கு ஒன்று வெடித்தது. அந்த நேரத்தில் வளவுக்குள் ஒரு சத்தம் எப்படிக் கேட்கும் என்று நம் ஊர் வீடுகளில் படுத்து எழுந்தவர்களுக்குத் தெரியும். லைட்டைப் போட்டால் தரையில் ஆத்தங்குடிக் கல்லெல்லாம் இஞ்சித் தண்ணீர், முற்றம் வரை ஓடியிருக்கிறது. சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே போனேன். கடைசியாக ஒன்று, விரல் நீளம் இருக்கும், அப்பத்தா தினமும் படுக்கும் இடத்தில் இருந்த தலையணையில் குத்தி நின்றது. புழுக்கம் தாங்கவில்லை என்று அன்றைக்கு மட்டும் அவர்கள் முகப்பில் போய்ப் படுத்திருந்தார்கள்.

இரண்டாவது பாட்டில் அங்கேயே நின்றது. கிட்டே போகப் பயம். எட்ட நின்று ஈரச் சாக்கைத் தூக்கி அதன்மேல் போட்டுவிட்டு, விடியும் வரை யாரும் அந்தப் பக்கம் போகாமல் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தேன்.

ஆத்தங்குடி மருமகள்:

எங்கள் வீட்டில் எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளி டம்ளர் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். நல்ல வெயில். நன்னாரி சர்பத் கலந்தாயிற்று, கடையில் சோடா இல்லை. ஆப்ப சோடாவும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் நுரைக்குமே என்று ஒரு ஜக்குத் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் சோடா போட்டு, இரண்டு பழம் பிழிந்துவிட்டேன். நுரை பொங்கியதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்.

அயித்தையின் அக்காவுக்குத்தான் முதல் டம்ளர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார்கள். கொஞ்ச நேரம் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்கள். அப்புறம் மெதுவாகத் தட்டில் வைத்து, "நல்லாருக்குத்தா" என்றார்கள். அதற்குமேல் தொடவில்லை. அடுப்படியில் போய் நான் குடித்துப் பார்த்தேன். உப்பையும் சோப்பையும் சேர்த்துக் கரைத்த மாதிரி இருந்தது.

தேவகோட்டை வாத்தியார்:

கண்டனூராரே, இரண்டு நாள் கணக்கு எங்கே படித்தீர்கள்? அது குளிர் ஊர்க் கணக்கு. சித்திரை வெக்கையில் ஈஸ்ட் பல மடங்கு வேகமாக வேலை செய்யும். நம் ஊரில் முதல் நாள் சாயங்காலமே பார்த்திருக்க வேண்டும்.

சர்க்கரையைக் கணக்குப் போடுங்கள். ஒரு கிராம் சர்க்கரையை ஈஸ்ட் முழுதும் தின்றால் ஏறக்குறைய அரை கிராம் கேஸ், அதாவது கார்பன் டை ஆக்சைடு, வரும். நன்றாகச் சுரீரென்று இருக்கும் ஒரு லிட்டர் சோடாவில் மொத்தக் கேஸே 7, 8 கிராம்தான். அதற்கு 16 கிராம் சர்க்கரை போதும். நாம் இனிப்புக்காக லிட்டருக்கு 100 கிராம் போடுகிறோம். விட்டால் அது 50 கிராம் கேஸ் வரை போகும். ஸ்குவாஷ் பாட்டில் எப்படித் தாங்கும்? தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போடுங்கள், குளிர்பானம் வந்த காலி பாட்டிலே நல்லது. மேலே மூன்று விரல் இடம் விடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி ஆனதும் உடனே ஃபிரிட்ஜ். குளிரில் ஈஸ்ட் அடங்கிவிடும், கேஸும் தண்ணீருக்குள்ளேயே தங்கும். 5 டிகிரித் தண்ணீர் பிடிக்கும் கேஸில் பாதிதான் 25 டிகிரித் தண்ணீர் பிடிக்கும். ஃபிரிட்ஜுக்குள் போய்விட்டதென்று வாரக்கணக்கில் விடாதீர்கள், நாலைந்து நாளில் குடித்து முடித்துவிடுங்கள்.

ஆத்தங்குடித் தங்கச்சிக்கு: ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா சுமார் 5 கிராம். அது முழுதும் பொங்கித் தீர இரண்டு மூன்று எலுமிச்சம்பழம் வேண்டும். இரண்டு ஸ்பூனுக்கு இரண்டு பழம் என்றால் பாதிக்குமேல் ஆப்ப சோடா அப்படியே கரைந்து கிடந்திருக்கும். சோப்பு ருசி அதுதான். பழத்தைக் கூட்டினாலும் உப்பு போகாது. கேஸ் போன பிறகு சோடியம் சிட்ரேட் என்ற உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள். ஒரு பாட்டிலில் ஆப்ப சோடாவையும் சிட்ரிக் ஆசிடையும் நாலுக்கு மூன்று எடையில் சேர்த்து, வரும் கேஸை மட்டும் மீன் தொட்டிக் குழாய் வழியாக இன்னொரு பாட்டில் ஐஸ் தண்ணீருக்குக் கொண்டுபோனால் உப்பே இருக்காது.

எனக்கு நேர்ந்தது சின்னது. அந்தக் குழாய் கழன்று புருவத்தில் அடித்தது. கண்ணுக்கும் அதற்கும் அரை அங்குலம்.

கல்லுக்கட்டிக்காரன்:

எங்கள் அப்பா காரைக்குடியில் 30 வருஷம் கோலி சோடா போட்டவர். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

வாத்தியார் பிளாஸ்டிக் என்கிறார், சரி. ஆனால் கண்ணாடி என்றாலே வெடிக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்குவாஷ் பாட்டிலை ஒரு கையிலும் கோலி சோடா பாட்டிலை இன்னொரு கையிலும் தூக்கிப் பாருங்கள், கனத்திலேயே தெரிந்துவிடும். ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1872-இல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே இருக்கும் கேஸே கோலியைத் தள்ளிக் கழுத்து ரப்பரில் அடைத்து வைக்கும். இன்னொன்று, சோடாவில் ஆப்ப சோடா கலப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எங்கள் கடையில் ஒருநாளும் கிடையாது. தண்ணீர், கேஸ், அவ்வளவுதான். வெயில் நாளில் ஐஸ் கட்டி வாங்கித் தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் அப்பா மிஷினைத் தொடுவார். சூட்டுத் தண்ணீரில் கேஸ் ஏறாது என்பது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆனாலும் வெடிக்கும். பழைய பாட்டிலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். எனக்கு ஒன்பது வயது. மிஷின் சக்கரம் சுற்றுவதைப் பார்க்கக் கிட்டே போய் நின்றுவிட்டேன். பாட்டில் கவிழும், கோலி டக்கென்று உட்காரும், அந்தச் சத்தத்துக்காகத்தான் போவேன். அன்றைக்கு அது வரவில்லை. வெடித்ததும் எனக்குத் தெரிந்தது அப்பாவின் உள்ளங்கை மட்டும்தான், என் இரண்டு கண்ணையும் சேர்த்துப் பொத்தியிருந்தது. ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது. கையை எடுத்தபோதுதான் ரத்தத்தைப் பார்த்தேன். அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது.

ஆத்தங்குடி மருமகள்:

வாத்தியாருக்கு நன்றி. குழாய் வைத்தெல்லாம் செய்ய என்னால் ஆகாது, அதை நான் கேட்கவும் இல்லை. அந்தப் பெரியம்மா என்னைப் பிள்ளைகள் முன்னால் விட்டுக்கொடுக்காமல் "நல்லாருக்கு" என்றார்களே, அதைத்தான் சொல்ல வந்தேன். அதற்கப்புறம் அவர்களைப் பார்க்கவே வாய்க்கவில்லை.

கண்டனூரான்:

கல்லுக்கட்டியார் எழுதியதைப் படித்துவிட்டு அப்பத்தாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அந்த இரண்டாவது பாட்டிலை என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. விடிந்ததும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, சாக்கோடு சேர்த்து ஐஸ் தண்ணீர் அண்டாவில் இறக்கினேன். நாலு மணி நேரம் ஊறவிட்டு, துண்டைச் சுற்றி மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். சீறல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

இப்போது பிளாஸ்டிக் பாட்டிலில்தான் போடுகிறேன், காலையில் போட்டால் ராத்திரி ஃபிரிட்ஜுக்குப் போய்விடும். அப்பத்தா விரும்பிக் குடிக்கிறார்கள், இஞ்சி இன்னும் கொஞ்சம் போடு என்கிறார்கள். ஆனால் பாட்டிலை நான் கையில் எடுத்ததும் எழுந்து முகப்புக்குப் போய்விடுவார்கள். டம்ளரில் ஊற்றி அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.